விட்ட கோட்டை மறுபடி பிடிக்க: ஐம்பதுக்குப் பிறகு ஓவியத்துக்கும் கார்ட்டூனுக்கும் திரும்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் வாத்தியாரை வரைந்தவர்கள், கல்லூரி நாட்களில் வார இதழ் ஜோக் படங்களைப் பார்த்துப் பழகியவர்கள், பிறகு வேலை, குடும்பம் என்று முப்பது வருஷம் பேனாவை மூடிவைத்தவர்கள் ஆகியோருக்கான பக்கம் இது. முழுக்கப் புதியவர்களுக்கும் உதவும். ஆனால் ‘ஒரு காலத்தில் கை வந்தது’ என்ற நினைப்போடு வருகிறவர்களின் சிக்கல்கள் வேறு. அவற்றை மனத்தில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

முப்பது வருஷமாகத் தொடவே இல்லை. கை திரும்ப வருமா?

வரும். ஆனால் எல்லாம் ஒன்றாக வராது. அளவு பார்க்கும் கண் முதலில் வரும். மூக்கு எங்கே முடிகிறது, கை எவ்வளவு நீளம் என்பதெல்லாம் ஒரு வாரத்திலேயே பிடிபடும். கோட்டின் வேகம் திரும்ப ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். வண்ணத்தில் தண்ணீரின் அளவைக் கணிப்பதுதான் கடைசியில் வரும், அதுவும் தாளைக் கெடுத்துக் கெடுத்துத்தான்.

பெரும்பாலோர் மூன்றாவது வாரம் நிறுத்திவிடுகிறார்கள். காரணம் கை அல்ல, ரசனை. இத்தனை வருஷம் ஆயிரக்கணக்கான நல்ல படங்களைப் பார்த்துப் பார்த்துக் கண் வளர்ந்துவிட்டது, கையோ இருபத்திரண்டு வயதில் விட்ட இடத்திலேயே நிற்கிறது. அதனால் இன்று போடுகிற படம் அன்று போட்டதைவிட மோசம் என்று தோன்றும். பழைய நோட்டு கிடைத்தால் எடுத்துப் பாருங்கள், அன்றைய படமும் அப்படியொன்றும் பிரமாதமாக இருக்காது. முதல் நாற்பது பக்கங்களைக் கிழிக்காமல், ஓரத்தில் தேதி மட்டும் போட்டு வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்வதைவிடத் தினம் இருபது நிமிடம் மேல். நீண்ட இடைவெளி விட்டால் ஒவ்வொரு முறையும் முதல் அரை மணி நேரம் கை சூடேறுவதற்கே போய்விடும்.

பெயிண்டிங்கா, கார்ட்டூனா, எதில் தொடங்குவது?

கோட்டில் தொடங்குங்கள். ஒரு பேனா, ஒரு கட்டு ஜெராக்ஸ் தாள் போதும். தப்பு உடனே தெரியும், அடுத்த தாளில் உடனே திருத்தலாம். வாட்டர் கலரில் கோடு, அளவு, நிறம், ஈரம், நேரம் எல்லாம் சேர்ந்து தப்பும்போது எது தப்பியது என்றே தெரியாது.

ஒரு மாதம் கோடு. இரண்டாம் மாதம் அந்தக் கோட்டின்மேல் ஒரே ஒரு நிறத்தில் நிழல். மூன்றாம் மாதம் இரண்டு மூன்று நிறங்கள். நீர் படிந்தாலும் கரையாத மசியில் வரைந்து, அதன்மேல் மெல்லிய நீர்வண்ணம் பூசும் இந்த முறைக்கு லைன் அண்ட் வாஷ் என்று பெயர். ஓவியமும் கார்ட்டூனும் சந்திக்கும் இடம் இது. வண்ணம் கொஞ்சம் வழிந்தாலும் கோடு படத்தைத் தூக்கி நிறுத்திவிடும்.

முதலில் என்னென்ன வாங்க வேண்டும்?

கடைக்காரர் எடுத்துப்போடும் 24 நிறப் பெட்டி, 12 பிரஷ் செட் எதுவும் வேண்டாம். கீழே உள்ளவற்றை மாணவர் தரத்தில் வாங்கினால் இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கும்.

தாள்: பயிற்சிக்கு 75 அல்லது 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) ஏ4 ஜெராக்ஸ் தாள். வண்ணத்துக்கு 300 ஜிஎஸ்எம் கோல்டு பிரஸ் (லேசாகச் சொரசொரப்பான) வாட்டர் கலர் பேடு ஒன்று. காசை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இதுதான். நல்ல தாளில் மலிவு வண்ணம் ஓரளவு அழகாக இருக்கும். மலிவுத் தாளில் விலை உயர்ந்த வண்ணம் வீண். நூறு சதவீதம் பருத்தித் தாள் ஈரத்தை நெடுநேரம் தாங்கும், தேய்த்தாலும் எளிதில் நார் எழாது. விலை அதிகம் என்பதால் மூன்று மாதம் கழித்து ஒரு தாள் வாங்கிப் பாதியாக வெட்டிப் பாருங்கள். வித்தியாசம் முதல் வாஷிலேயே, அதாவது நீர் கலந்த முதல் பூச்சிலேயே, தெரியும்.

வண்ணம்: ஆறு டியூப். லெமன் யெல்லோ, யெல்லோ ஓக்கர், கிரிம்சன், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரின் ப்ளூ, தாலோ ப்ளூ. 5 மி.லி. டியூப் பல மாதம் வரும். கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கெட்டியாகச் சேர்ந்தால் கறுப்புக்கு மிக அருகில் போகும், நீர் விட்டால் அழகான சாம்பல் நிறம் தரும். வெள்ளையும் வேண்டாம், தாள்தான் வெள்ளை.

பிரஷ்: சிந்தெடிக் ரவுண்டு 10, ரவுண்டு 4, ஒரு அங்குல ஃபிளாட். கடையிலேயே ரவுண்டு பிரஷை நீரில் நனைத்து ஒரு உதறு உதறுங்கள். முனை தானாகக் கூரானால் வாங்கலாம், இரண்டாகப் பிரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

மற்றவை: 2பி பென்சில், பிசைந்து பயன்படுத்தும் ரப்பர், நீரில் கரையாத மசிப் பேனா 0.3, 0.5, மாஸ்கிங் டேப், பழைய காட்டன் துணி, இரண்டு கண்ணாடி டம்ளர். கலவைத் தட்டுக்கு வீட்டிலிருக்கும் வெள்ளைப் பீங்கான் தட்டே சிறந்தது. புது பிளாஸ்டிக் தட்டில் நீர் முத்து முத்தாக ஒதுங்கும்.

பரணில் பழைய வாட்டர் கலர் பெட்டி கிடக்கிறது. பயன்படுமா?

பெரும்பாலும் பயன்படும். வாட்டர் கலரைப் பிடித்துவைப்பது கருவேலம் பிசின் இனத்தைச் சேர்ந்த ஒரு பசை. எத்தனை வருஷம் காய்ந்தாலும் நீர் பட்டால் கரையும். இறுகிய டியூபை பிளேடால் நீளவாக்கில் கீறி, உள்ளிருக்கும் கட்டியை ஒரு சிறு மூடியில் வைத்து நாலு சொட்டு நீர் விட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். பூஞ்சை வாடை வந்தால் தூக்கிப் போடுங்கள். போஸ்டர் கலர் ஊறும், ஆனால் பூசிக் காய்ந்தபின் பொருக்கு உதிரலாம். அக்ரிலிக் காய்ந்தால் காய்ந்ததுதான், அது ஒருவகைப் பிளாஸ்டிக்.

முதல் மாதம் தினமும் என்ன வரைவது?

இருபது நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் ஐந்து நிமிடம் வெறும் கோடு. தாளின் இரு ஓரத்திலும் புள்ளி வைத்து, மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கையை வீசி இரண்டையும் சேர்க்க வேண்டும். பேனா முனையைப் பார்க்காமல் போய்ச் சேர வேண்டிய புள்ளியைப் பாருங்கள். பிறகு வட்டங்கள், நீள்வட்டங்கள். டம்ளர், குடம், சொம்பு எல்லாவற்றின் வாயும் நீள்வட்டம்தான் என்பதால் இந்தப் பயிற்சிக்குப் பலன் அதிகம்.

அடுத்த பத்து நிமிடம் எதிரில் இருக்கும் ஒரு பொருள். செருப்பு, சைக்கிள் பூட்டு, தேங்காய்த் துருவி, மடித்து வைத்த குடை. அழகான பொருளைத் தேட வேண்டாம், கோணலான பொருள்தான் கண்ணைப் பழக்கும். பேனாவால் நேரடியாக வரையுங்கள். அழிக்க முடியாது என்று தெரிந்தால் கோடு போடுமுன் கண் இரண்டு தடவை பார்க்கும்.

கடைசி ஐந்து நிமிடம் நினைவிலிருந்து ஒரு மனிதர். காலையில் கீரை விற்றவர், பஸ்ஸில் எதிர் சீட்டில் தூங்கியவர். முகம் வேண்டாம், நின்ற விதம் போதும். கார்ட்டூனுக்கு இந்த ஐந்து நிமிடம்தான் முதலீடு.

பள்ளியில் அரசுத் தொழில்நுட்பத் தேர்வுக்காக ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங் பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இரு பக்கமும் ஒரே மாதிரி சுத்தமாக வரையும் அந்தப் பழக்கம் அளவு சரியாக வர நல்லது, கார்ட்டூனுக்குச் சற்று இடைஞ்சல். சமச்சீர் குலைந்தால்தான் உருவத்தில் உயிர் வரும்.

கோடு நடுங்குகிறது. விரல் மூட்டும் வலிக்கிறது.

நடுக்கம் புதிதாக வந்திருந்தாலோ, நாளுக்கு நாள் கூடினாலோ, விரல் மரத்துப் போனாலோ முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். அது இல்லாத சாதாரண நடுக்கத்துக்குச் சில வழிகள் உண்டு.

மெதுவாக இழுக்கும் கோடுதான் அதிகம் நடுங்கும். வேகத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். சிறிதாக வரைவதை விட்டு ஏ3 அளவில் வரையுங்கள். விரலின் வேலையைத் தோள் எடுத்துக்கொள்ளும், பிறகு சிறிதாக்கிக்கொள்ளலாம். வரையும் முன் காபியைத் தவிர்த்துப் பார்த்தால் சிலருக்கு நன்றாகவே வித்தியாசம் தெரிகிறது. பேனா ஒல்லியாக இருந்தால் விரல் இறுக்கிப் பிடிக்கும், அந்த இறுக்கம்தான் மூட்டு வலியைக் கிளப்புவது. பழைய சைக்கிள் டியூபில் மூன்று செ.மீ. நீளத் துண்டை வெட்டிப் பேனாவில் சுற்றி நூலால் கட்டினால் பிடி தடிக்கும். பலகையைத் தட்டையாக வைக்காமல், தலைப்பக்கம் புத்தகம் கொடுத்துச் சற்று உயர்த்துங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கையைத் தொங்கவிட்டு உதறுங்கள்.

இன்னொன்று, நடுங்கும் கோடு எல்லா நேரமும் குறையாகாது. மரப்பட்டை, ஓட்டு வீடு, பாட்டி முகம் எல்லாம் அந்தக் கோட்டில் நன்றாக வரும். தமிழ் வார இதழ்களின் ஓவியரும் கார்ட்டூனிஸ்டுமான கோபுலு (1924–2015) பக்கவாதத்தால் வலக்கை முடங்கியபோது இடக்கையால் வரையப் பழகினார். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1941-ல் பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பின் நிற்க முடியாமல் போனபோது, வண்ணம் பூசிய தாளைக் கத்தரியால் வெட்டி ஒட்டிப் படங்கள் செய்தார். பிரஷ் பிடிக்கவே முடியாதவர்கள் அந்த வழியை முயன்று பார்க்கலாம். தேவை ஒரு கத்தரி, பசை, போஸ்டர் கலர் பூசிய தாள்கள்.

கண்ணாடி போட்டும் சரியாகத் தெரியவில்லை. வெளிச்சம் எப்படி இருக்க வேண்டும்?

படிக்கும் கண்ணாடி சுமார் 40 செ.மீ. தூரத்துக்குக் கணக்கிட்டது. வரையும்போது தாள் 50, 60 செ.மீ. தள்ளி இருக்கும். புரோகிரசிவ் கண்ணாடியில் கிட்டத்துப் பார்வை அடிப்பகுதியில் மட்டும் இருப்பதால், மோவாயைத் தூக்கிப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலி வரும். கண்ணாடி மாற்றும்போது, உங்கள் பலகை இருக்கும் தூரத்தை டேப்பால் அளந்து சொல்லி, அதற்கென்று தனியாக ஒரு மலிவு ஃபிரேமில் போட்டுக்கொள்ளுங்கள்.

வலக்கைக்காரருக்கு விளக்கு இடப்பக்கம், இடக்கைக்காரருக்கு வலப்பக்கம். இல்லையென்றால் கையின் நிழல் பேனா முனையிலேயே விழும். எல்இடி பல்ப் வாங்கும்போது 4000 முதல் 5000 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் எண்), சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்ற அளவு) 90-க்கு மேல் என்று பெட்டியில் பாருங்கள். மஞ்சள் பல்பில் பூசிய நீலம் காலையில் வேறாகத் தெரியும்.

கண்புரை இருந்தால் நிறங்களின்மேல் ஒரு மஞ்சள்-பழுப்புத் திரை விழும். நீலமும் ஊதாவும் மங்கும், அதை ஈடுகட்ட நாம் அறியாமலே நிறத்தைக் கூட்டிப் பூசுவோம். ஓவியர் மோனே 1923-ல் கண்புரை அறுவை செய்துகொள்வதற்கு முந்தைய வருஷங்களில் வரைந்தவற்றில் செம்பழுப்பு ஓங்கி நிற்பதை இன்றும் பார்க்கலாம். அறுவைக்குப் பின் உங்கள் பழைய படங்கள் உங்களுக்கே திகைப்பூட்டினால் பயப்பட வேண்டாம். அதுவரை, டியூபின் பெயரைப் பார்த்து நிறம் எடுப்பது, தட்டில் எப்போதும் ஒரே வரிசையில் வைப்பது, இந்த இரண்டும் காப்பாற்றும்.

வண்ணம் பூசினால் தாள் நெளிகிறது.

நனைந்த நார் விரியும், காய்ந்த ஓரம் விரியாது. அதுதான் நெளிவு. 200 ஜிஎஸ்எம்முக்குக் கீழே எதுவானாலும் நெளியும். 300-ல் சின்னப் படமென்றால் நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டினால் போதும். பெரிய வாஷ் என்றால் தாளை ஐந்து நிமிடம் சுத்த நீரில் ஊறவைத்து, நீர் வடியவிட்டு, பிளைவுட் பலகையில் பரப்பி, நீர் தொட்டு ஒட்டும் பழுப்புக் காகித டேப்பால் நான்கு பக்கமும் ஒட்டி, படுக்கைவசமாக இரவு முழுக்கக் காயவிடுங்கள். காலையில் தோல் கட்டிய மேளம்போல விறைத்திருக்கும். படம் முடிந்து நன்றாகக் காய்ந்த பிறகே வெட்டி எடுக்க வேண்டும்.

ஏற்கெனவே நெளிந்துவிட்ட படத்துக்கு, பின்பக்கம் மட்டும் ஈரப் பஞ்சால் லேசாக ஒற்றி, இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்கள் அடுக்கி இரண்டு நாள் விடுங்கள்.

வானம் பூசினால் திட்டுத் திட்டாகவும் கரை கட்டியும் வருகிறது.

முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். நம் ஊர் வெயிலில், விசிறிக்கு நேர்கீழே, ஏ4 தாளின் பாதியைப் பூசுவதற்குள் மேல்பாதி காய்ந்துவிடும். காய்ந்த விளிம்பின்மேல் அடுத்த பட்டை ஏறினால் கரை கட்டும்.

ஏ4 அளவு வானத்துக்கு இரண்டு டீஸ்பூன் நீரில் துவரம்பருப்பு அளவு அல்ட்ராமரினைக் கட்டியில்லாமல் கரையுங்கள். குறைவாகக் கலந்தால் பாதியில் தீரும், மறுபடி கலப்பது அதே நிறமாக வராது. காய்ந்தால் ஒரு படி வெளிறும் என்பதால் தட்டில் சற்றுத் தூக்கலாகவே இருக்கட்டும். பலகையின் தலைப்பக்கம் ஐந்து செ.மீ. உயர்த்துங்கள். ஒரு அங்குல ஃபிளாட் பிரஷை நிறைய நனைத்து இடமிருந்து வலம் ஒரே இழுப்பு. பட்டையின் கீழ் விளிம்பில் நீர் ஒரு மணிபோலத் தேங்கும். அடுத்த இழுப்பு அந்த மணியைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். மணி எங்காவது அறுந்தால் பிரஷில் நீர் போதவில்லை என்று அர்த்தம். கடைசிப் பட்டையில் தேங்கியதைப் பிழிந்த பிரஷால் உறிஞ்சி எடுங்கள். பிறகு தொடாதீர்கள். எவ்வளவு கை துறுதுறுத்தாலும் தொடாதீர்கள்.

காலிஃபிளவர்போல ஒரு பூ விரிந்தால், பாதி காய்ந்த பரப்பில் அதைவிட ஈரமான பிரஷ் பட்டிருக்கிறது. தாள் காய்ந்ததா என்று பார்க்க விரல் நுனியை வைக்காமல் புறங்கையை லேசாக வையுங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. மழைக்காலத்தில் இதற்கு அரை மணி நேரம்கூட ஆகும்.

வாஷில் சின்னச் சின்னப் புள்ளிகளாக நிறம் உடனே உறிஞ்சப்பட்டால் தப்பு உங்களுடையதல்ல. தாளின் பசைப்பூச்சு ஈரக்காற்றில் கெட்டுவிட்டது. கடலோர ஊர்களில் இது சகஜம். திறந்த பேடை ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். கெட்ட தாளை மசிக்கோட்டுப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம்.

நிறம் சேறாகிறது. என்ன தப்பு?

மூன்று டியூபுக்கு மேல் கலப்பது, அழுக்கு நீர், காயாத அடுக்கின்மேல் தேய்ப்பது. பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான். ஒரு டம்ளர் பிரஷ் கழுவ, இன்னொன்று நிறம் கலக்க மட்டும்.

பச்சைக்கு டியூப் வாங்காதீர்கள். நாற்றங்கால் பச்சைக்கு லெமன் யெல்லோவில் தாலோ ப்ளூவை ஊசிமுனை அளவு சேர்த்தால் போதும். தாலோ மிக வீரியமானது, கொஞ்சம் கூடினாலும் எல்லாவற்றையும் தின்றுவிடும். தென்னை ஓலைக்கு லெமன் யெல்லோ, அல்ட்ராமரின், துளி பர்ன்ட் சியன்னா.

தோலுக்கும் அப்படித்தான். ஃப்ளெஷ் டிண்ட் என்று எழுதி விற்கும் ரோஜா நிறம் நம் ஊர் முகங்களுக்கு ஒத்துவராது. பர்ன்ட் சியன்னாவில் தொடங்குங்கள். வெளிச்சம் படும் இடத்துக்கு நீரும் கொஞ்சம் யெல்லோ ஓக்கரும், கன்னம், காது, விரல் நுனிக்குத் துளி கிரிம்சன், நிழலுக்கு அல்ட்ராமரின். கறுத்த தோலில் நெற்றி, மூக்கு நுனி மினுப்பை நீலம் கலந்த மிக மெல்லிய வாஷாக விட்டுவைத்தால் உயிரோடு இருக்கும்.

எந்தப் பேனா, எந்த மசி?

தொடக்கத்துக்குப் பிக்மென்ட் மசி (நிறத்துகள் கலந்த மசி) உள்ள ஃபைன்லைனர் என்ற மெல்லிய முனைப் பேனா போதும். அதில் அட்டையில் எழுதியிருக்கும் எண் கோட்டின் உண்மை அகலமல்ல. சக்குரா மைக்ரான் என்ற பேனா வகையில் 01 என்பது 0.25 மி.மீ., 05 என்பது 0.45 மி.மீ. எந்தப் பேனாவானாலும் ஒரு கோடு போட்டு, பத்து நிமிடம் கழித்து ஈரப் பிரஷை இழுத்துச் சோதித்த பிறகே படத்தில் பயன்படுத்துங்கள். நீரில் கரையாது என்று எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம்.

தொட்டு வரையும் நிப்பில்தான் பழைய வார இதழ்களின் தடித்து மெலியும் கோடு வரும். அழுத்தினால் நிப்பின் இரு பல்லும் விரிந்து கோடு தடிக்கும், விட்டால் மெலியும். இழுக்கும்போதுதான் அழுத்தலாம், தள்ளும்போது அழுத்தினால் தாளைக் கிழித்து மசி தெறிக்கும். புது நிப்பில் துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள். அதைச் சோப்பு நீரில் துடைக்காவிட்டால் மசி நிற்காமல் சொட்டும். நிப்பின் நடுத் துளை வரை மட்டும் முக்கி, பாட்டில் வாயில் ஒருமுறை ஒற்றி எடுங்கள்.

நீரில் கரையாத டிராயிங் மசியை ஃபவுண்டன் பேனாவில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். அதிலுள்ள அரக்கு உள்ளே காய்ந்து பேனாவை அடைத்துவிடும். அப்பா தந்த பழைய பேனா என்றால் இன்னும் மோசம்.

மசி காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் பென்சிலை அழிக்கக் கால் மணி நேரம் பொறுங்கள். சீக்கிரம் தேய்த்தால் கறுப்பு சாம்பலாகும்.

எல்லா முகமும் ஒரே உணர்ச்சியில் இருக்கிறது.

புருவமும் வாயும் மட்டும் போதும். ஒரு தாளில் பதினாறு முட்டை வட்டங்கள் போடுங்கள். மேலே வரிசையாக நான்கு புருவங்கள்: நேர், தூக்கியது, மூக்குப் பக்கம் இறங்கியது, மூக்குப் பக்கம் ஏறியது. பக்கவாட்டில் நான்கு வாய்கள்: நேர்க்கோடு, மேல்வளைவு, கீழ்வளைவு, திறந்தது. குறுக்கும் நெடுக்குமாகச் சேர்த்துப் பதினாறையும் நிரப்புங்கள். மூக்குப் பக்கம் இறங்கிய புருவமும் சிரிக்கும் வாயும் சேர்ந்தால் சூழ்ச்சி. அதே வாயோடு புருவம் மூக்குப் பக்கம் ஏறினால் கடன் கேட்க வந்தவர். கண்ணைப் பெரிதாக வரைய வேண்டிய தேவையே இல்லை, புள்ளி போதும்.

உடலுக்கு: நிஜ மனிதர் ஏறக்குறைய ஏழரைத் தலை உயரம். கார்ட்டூனில் மூன்று, நான்கு தலை வைத்தால் முகத்துக்கு இடம் கிடைக்கும்.

ஒருவரைக் கேலிச்சித்திரமாக வரைந்தால் ஜாடை வருவதில்லை.

மூக்கைப் பெரிதாக்கினால் கேலிச்சித்திரம் ஆகிவிடும் என்று நினைப்பதுதான் கோளாறு. சராசரியிலிருந்து அந்த முகம் எங்கே விலகுகிறது என்று முதலில் பாருங்கள். சராசரி முகத்தில் கண் தலையின் நடுவில் இருக்கும். முடி விளிம்பு முதல் புருவம், புருவம் முதல் மூக்கடி, மூக்கடி முதல் மோவாய் மூன்றும் ஏறக்குறைய சமம். உங்கள் ஆளின் புகைப்படத்தில் ஸ்கேலை வைத்து இந்த மூன்றையும் அளங்கள். கூடுதலாக இருப்பதை இன்னும் கூட்டுங்கள், கூட்டியதை மற்ற இரண்டிலிருந்து எடுங்கள், தலையின் மொத்த உயரத்தை மாற்றாதீர்கள். மோவாய் நீண்டு நெற்றி சுருங்கும்போது ஜாடை தானாக வந்து உட்காரும். மூக்கும் மீசையும் அதற்குப் பிறகுதான்.

சொந்தக்காரரை வரைவதென்றால் வழுக்கை, பல் இரண்டிலும் கொஞ்சம் தயவு காட்டுங்கள். கல்யாண வீட்டில் பேச்சு வரும்.

பலூனுக்குள் தமிழ் வசனம் அடங்குவதே இல்லை.

எல்லோரும் படத்தை முடித்துவிட்டு மிச்ச இடத்தில் எழுதப் பார்க்கிறார்கள். வசனத்தை முதலில் பென்சிலில் எழுதி, அதைச் சுற்றிப் பலூன் போட்டு, அதற்குப் பிறகு ஆட்களை நிறுத்துங்கள். முதலில் பேசுகிறவர் இடப்பக்கம், அவர் பலூன் மேலே.

தமிழுக்கென்று தனிச் சிக்கல்கள் உண்டு. கி, கீ-யில் கொக்கி மேலே போகும், கு, மூ, ழு-வில் கீழே இறங்கும். எழுத்து 5 மி.மீ. உயரமென்றால் வரிக்கு வரி இடைவெளியும் குறைந்தது 4 மி.மீ. வேண்டும், இல்லையென்றால் மேல்வரி ‘ழு’ கீழ்வரி ‘கி’யோடு முட்டும். புள்ளி இன்னும் முக்கியம். அச்சில் பாதியாகச் சுருங்கும்போது ஒட்டிய புள்ளி காணாமல் போய் ‘பல்லி’ ‘பலலி’ ஆகிவிடும். எழுத்திலிருந்து ஒரு மி.மீ. தள்ளி வையுங்கள். தடிப் பேனாவால் எழுதினால் ‘ணை’, ‘ஞ’ போன்றவற்றின் உள்வெளி அடைபடும், 0.5 போதும்.

பேச்சுத் தமிழில் எழுதினால் பாதி இடம் மிச்சமாகும். ‘வந்துகொண்டிருக்கிறேன்’ ஒரு வரியை விழுங்கும். ‘வந்துட்டே இருக்கேன்’ இரண்டாக உடையும், காதிலும் சரியாக விழும். பன்னிரண்டு சொல்லுக்கு மேல் போனால் அது ஜோக் அல்ல, கடிதம். வசனமே இல்லாமல் சொல்ல முடிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பெரியவர்களின் படங்களைப் பார்த்து வரையலாமா?

பயிற்சிக்குத் தாராளமாக. விகடனின் பழைய ஓவியர் மாலி, கோபுலு ஆகியோரின் கோடுகளைப் பார்த்துப் போட்டால் எதை வரையாமல் விட்டார்கள் என்பது புரியும், அதுதான் பாடம். ஆனால் அதை உங்கள் கையெழுத்தோடு வெளியிடக் கூடாது. இந்தியாவில் ஓவியத்தின் பதிப்புரிமை ஓவியர் காலமான பிறகும் 60 ஆண்டுகள் இருக்கிறது. 1906-ல் காலமான ரவிவர்மாவின் படங்களுக்கு அந்தத் தடை இல்லை. இணையத்தில் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து வரைந்து விற்பதும் சிக்கலே. உங்கள் தெருவை நீங்களே செல்போனில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அசலைப் பார்க்க வேண்டுமென்றால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ரவிவர்மா ஓவியங்கள் உள்ளன, வெள்ளிக்கிழமை விடுமுறை. 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது. அசலில் பிரஷ் எந்தத் திசையில் போனது என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள், அச்சுப் பிரதி இதைக் காட்டாது.

டேப்லெட்டில் வரையலாமா?

வரையலாம். தாள் செலவில்லை, பெரிதாக்கி வரையலாம், கார்ட்டூனுக்கு மிக வசதி. ஆனால் பின்வாங்கும் பொத்தான் கையைச் சோம்பேறி ஆக்கும். ஒரே கோட்டை நாற்பது தடவை போட்டு அழிப்பவர்களுக்குத் தாளில் கோடு வராது. மூன்று மாதம் தாளில் பழகிவிட்டுப் போவது நல்லது. கணினியிருந்தால் கிரிட்டா என்ற இலவசச் செயலி போதும். தொடங்கும்போதே ஏ4-க்கு 2480 × 3508 பிக்சல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பெரிதாக்கினால் கோடு பிசிறும்.

எண்ணெய் வண்ணம் ஆசையாக இருக்கிறது.

சின்ன ஃபிளாட்டில் டர்பன்டைன் நெடி தாங்காது. ஜன்னல் திறந்த தனி அறை இருந்தால் செய்யலாம். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். எண்ணெய் காய்வது வெப்பத்தை வெளிவிடும் வேதிமாற்றம், குவியலாகக் கிடந்தால் தானே தீப்பற்றக்கூடும். மூடியுள்ள தகர டப்பாவில் நீர் ஊற்றி அதில் போடுங்கள்.

முடித்த படங்களை எப்படி வைப்பது?

கிடையாக, உறைக்குள், சுவரோரம் அல்லாமல். ராமபாணப் பூச்சிக்கு மாவுப் பசை பிடிக்கும், எனவே படத்தின் பின்னால் மைதாப் பசை தடவி அட்டையில் ஒட்டாதீர்கள். சட்டம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுண்ட் அட்டை கேளுங்கள். நேராகக் கண்ணாடியில் பட்டால் மழைக்காலத்தில் ஒட்டிக்கொண்டு பூஞ்சை பிடிக்கும். வெயில் விழும் சுவரில் மாட்ட வேண்டாம். பளீரென்ற ஒளிரும் இளஞ்சிவப்பு வகைகள்தான் முதலில் வெளிறும்.

பத்திரிகைக்கு அனுப்ப எப்படித் தயார் செய்வது?

கோட்டுப் படமென்றால் 600 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்), வண்ணமென்றால் 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால் காலை நேரத்தில், நேர் வெயில் படாத ஜன்னல் அருகே படத்தைச் சுவரில் ஒட்டி, செல்போனைத் தாளின் நடுவுக்கு நேராக ஒரு மீட்டர் தள்ளிப் பிடித்து, கொஞ்சம் ஜூம் செய்து எடுங்கள். மிக அருகில் எடுத்தால் ஓரங்கள் வளையும். எடிட் செய்யும்போது தாள் வெள்ளையாகும் வரை மட்டும் வெளிச்சத்தைக் கூட்டுங்கள், மெல்லிய கோடு உடையத் தொடங்கினால் ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள். அசலை அனுப்பவே வேண்டாம். கையெழுத்தைப் படத்தின் மூலையில் வைக்காமல் ஏதாவது ஒரு உருவத்தின் காலடியில் வையுங்கள், மூலையை லே-அவுட்டில் வெட்டிவிடுவார்கள்.